கட்டுநாயக்கா ஏர்போர்ட்ல பாத்த வேன் அண்ணாச்சிக்கு

மாமா பையன் கல்யாணம் இலங்கைல, பெந்தோட்டை கடற்கரை ஓட்டல்ல. திருநெல்வேலிலேருந்து மதுரைக்கு பஸ், அங்கேருந்து கொழும்புக்கு ஃப்ளைட், எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஏர்போர்ட்ட விட்டு வெளிய வந்தா புக் பண்ண வேனக் காணும், போனும் எடுக்கல. கொழும்பு கோட்டை ஸ்டேஷன் போயி, காலி ஊருக்குப் போற ரயிலப் பிடிச்சு, பெந்தோட்டை பக்கத்துல உள்ள அளுத்கமைல இறங்கலாம்னு மச்சான் சொல்லுதான், மூட்டுவலி ஆச்சியையும் சீர் பெட்டியையும் வச்சிக்கிட்டு நடக்கிற காரியமா அது?

அப்பதான் நீங்க, யாரையோ இறக்கிவிட்டுட்டு கிளம்பப் போனவரு, நாங்க ஒண்ணும் கேக்காமலே வந்து ஆச்சியக் கைத்தாங்கலா ஏத்தி, மிச்சப் பேருக்கு கூட்டாளி வேனையும் வரவச்சு, எக்ஸ்பிரஸ்வேல கூட்டிப்போயி முகூர்த்தத்துக்கு முன்ன இறக்கிவிட்டீங்க. வழில டீக்கும் நீங்கதான் காசு குடுத்தீங்க, டீசல் காசு கூட கெஞ்சுன பொறவுதான் வாங்குனீங்க. ரொம்ப நன்றி அண்ணாச்சி. இது உங்க கண்ணுல பட்டா ஒரு மெசேஜ் போடுங்க, நெல்லைக்கு குடும்பத்தோட வாங்க, ஆச்சி கையால சொதி சாப்பாடு உண்டு.