பெயிண்டுக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு

அன்புள்ள தோழிக்கு,

நல்லா இருக்கியா டி. அண்ணனுக்கு முட்டி வலி எப்படி இருக்கு, தைலம் ஒழுங்கா தேய்க்கிறாரா. இங்க அம்மாவுக்குத்தான் பனி ஒத்துக்காம ஒரு வாரமா இருமல், சுக்குக் கஷாயம் ஓடிட்டு இருக்கு, மத்தபடி எல்லாரும் சௌக்கியம். பெரியவன் ஓசூருக்கு மாத்தலாகிப் போயிட்டான், மாசம் ரெண்டு தடவை வந்துட்டுப் போறான்.

நேத்து நீ போன்ல திருவாரூர் வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்கப் போறோம், பட்டி மாவு இழுத்து சுவரைச் சமன் பண்ணி ரெண்டு கோட்டு அடிச்சா பத்து வருஷம் தாங்கும்னு கான்ட்ராக்டர் சொல்றார், வெள்ளிக்கிழமை அட்வான்ஸ்னு சொன்னியா, அப்ப எனக்கு அடி வயித்துல ஒரு மாதிரி ஆயிடுச்சு. நானும் அப்படித்தான் குடுத்தேன். போன்ல சொன்னா பாதி விட்டுப் போயிடும்னு உக்காந்து எழுதுறேன், பொறுமையா படி.

2016 மகாமகத்துக்கு நீ இங்க வந்து நாலு நாள் தங்குனியே, அப்ப எங்க வீட்டுச் சுவரு எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? வெறும் சுண்ணாம்பு தான். அப்பா இருந்த வரைக்கும் வருஷா வருஷம் போகிக்கு முன்னாடி ஆள் வச்சு வெள்ளையடிச்சிடுவார், ரெண்டு சிட்டிகை நீலம் போட்டு, கஞ்சி கலந்து. அந்த வாசனை வந்தாத்தான் எங்களுக்குப் பொங்கல். 2020 தையில பொண்ணு கல்யாணம் வந்தப்ப, சம்பந்தி வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல சாஞ்சா முதுகுல ஒட்டுற சுண்ணாம்பு வேணாம்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். கார்த்திகை மாசம், மழைக்கு நடுவுல கிடைச்ச வெயில்ல, மேல சுரண்டிட்டு பட்டி இழுத்து, பிரைமர் போட்டு, விலை ஒஸ்தியான எமல்ஷன் பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சாங்க. அடிச்ச அன்னிக்கு வீடு ஜொலிச்சுது, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ரெண்டு மழைக்காலம் தான் டி. மேற்குச் சுவத்துல இடுப்பு உயரத்துல அங்கங்க அப்பளம் பொரிஞ்ச மாதிரி உப்பி நின்னுச்சு. ஒருநாள் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வரும்போது அதுல ஒண்ணை விரலால அழுத்துனேன், ரப்பர் மாதிரி உள்ள போச்சு, நகத்தால கீறுனதும் பழுப்பா தண்ணி முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. அன்னிக்கு மழையே இல்ல, சித்திரை வெயில். பெயிண்ட் தோலை இழுத்தேன், துணி மாதிரி ஒரு முழம் உரிஞ்சு வந்துச்சு, அதுக்குப் பின்னாடி பட்டியும், பட்டிக்குப் பின்னாடி தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரையும் சேந்து மாவா கொட்டுச்சு. அந்தக் காரையை உள்ளங்கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். எண்பது வருஷம் நின்ன பூச்சு.

பெயிண்ட் அடிச்சவங்களைக் கூப்பிட்டா, உங்க சுவத்துல ஓதம், அதாவது ஈரக்கசிவு இருக்கு, நாங்க என்ன பண்றதுன்னாங்க. ஓதம் இருக்குன்னா அதை அடிக்கிறதுக்கு முன்னாடி பாத்துச் சொல்லணுமா வேண்டாமா? எனக்கு இப்பவும் அந்தக் கோபம் ஆறலை.

கடைசியில போன வருஷம் சுவாமிமலைப் பக்கத்துல இருந்து ஒரு வயசான கொத்தனார் வந்தார். அவர் சுவரைப் பாக்கவே இல்ல முதல்ல, தெருவைத்தான் பாத்தார். "ரோடு எவ்வளவு ஏறியிருக்கு தங்கச்சி"ன்னு கேட்டார். எனக்கு அப்பத்தான் உறைச்சுது. சின்ன வயசுல தெருவுல இருந்து மூணு படி ஏறி திண்ணைக்குப் போவோம், இப்ப ஒரே படி. பழசைப் பேக்காம மேல மேல ரோடு போட்டு ரெண்டு படியை முழுங்கிடுச்சு. அது பத்தாதுன்னு நாங்களே வீட்டைச் சுத்தி சுவரோட ஒட்டி சிமெண்ட் தளம் போட்டு வச்சிருக்கோம். மண்ணுல இருக்குற ஈரம் மேல வர வேற வழியில்லாம சுவரு வழியா ஏறுது. ஏறுற தண்ணி சும்மா வராது, மண்ணுல இருக்குற உப்பு, செங்கல்ல இருக்குற உப்பு எல்லாத்தையும் கரைச்சு எடுத்துட்டு வரும், வெளிய வந்து தண்ணி காஞ்சதும் உப்பு படிகமா நின்னு காரையைத் தள்ளும். சுண்ணாம்பு அடிச்சிருந்த காலத்துல ஈரம் அது பாட்டுக்கு காத்துல போயிட்டு இருந்துச்சு, கொஞ்சம் உதிரும், அடுத்த பொங்கலுக்கு அடிச்சா சரியாப் போச்சு. நான் வெளிய பிளாஸ்டிக் மாதிரி தோலைப் போட்டு மூடிட்டேன், வெளிய போக வழியில்லாம அது இன்னும் மேல ஏறி, உள்பக்கமும் அம்மா ரூம்ல ஊறிப் போச்சு. முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு கெமிஸ்ட்ரி எடுத்தவ நான், இதெல்லாம் எனக்குத் தெரியாததா, ஆனா நம்ம வீட்டுச் சுவரைப் பாத்து யோசிக்கத் தோணலை.

அதனால பெயிண்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் தண்ணி வேலை மட்டும் தான் நடந்துச்சு. சுவத்தை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு சிமெண்ட் தளத்தை உடைச்சு, பள்ளம் எடுத்து ஜல்லி கொட்டினோம். மாடியில இருந்து வர்ற மழைத்தண்ணி பைப் வளையுற இடத்துல விட்டுப் போயி சுவத்துக்குள்ளயே இறங்கிட்டு இருந்துச்சு, அதை மாத்தினோம். அப்புறம் எமல்ஷன், பட்டி எல்லாத்தையும் சுரண்டி, தட்டிப் பாத்து பொக்குன்னு சத்தம் வர்ற காரையை மட்டும் கொத்தி எடுத்துட்டு, கோடை முழுக்க செங்கல் தெரியுற மாதிரி சும்மா காய விட்டோம். தெருவுல போறவங்க எல்லாம் வீட்டை இடிக்கப் போறீங்களான்னு கேட்டாங்க.

தண்ணி ஊத்தி நீத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மூணு பங்கு மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணி, இதுதான் பூச்சு. சிமெண்ட் ஒரு பிடி கூட போட விடலை அவர். சட்டுனு காஞ்சா வெடிக்கும்னு பல நாள் ஈரச் சாக்கைத் தொங்க விட்டுக் காத்தோம். அது நல்லா இறுகினதுக்கு அப்புறம் தான் வெள்ளையடிப்பு. முதல்ல சுவத்தை தண்ணி தெளிச்சு நனைச்சுக்கணும், கையில தேங்காயெண்ணெய் தடவிக்கணும், சுண்ணாம்பு கண்ணுல பட்டா ஆபத்து. வெள்ளையடிக்கிற மட்டை பிரஷ்ஷால இழுக்கும்போது பாத்தா ஒண்ணுமே தெரியாது டி, மோர் தண்ணியா தெளிச்ச மாதிரி பின்னாடி இருக்குற காரை அப்படியே தெரியும், என்னடா இவ்வளவு செலவு பண்ணி இப்படியான்னு இருக்கும். அரை மணி கழிச்சு காபி போட்டுட்டு வந்து பாத்தேன், காயக் காய ஓரத்துல இருந்து வெள்ளை ஏறிட்டு வந்துச்சு, மேல இருந்து கீழ. அந்த வெள்ளை தண்ணி காஞ்சதால வர்றது, அப்புறம் மெல்ல மெல்ல காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கிட்டு மறுபடி கல்லா மாறும்னு எத்தனை வருஷம் போர்டுல எழுதிப் போட்டிருக்கேன், நம்ம வீட்டுச் சுவத்துலயே அதை நினைச்சுப் பாத்தது அன்னிக்குத்தான். மூணு கோட்டு. கீழ ரெண்டு அடிக்கு காவிப் பட்டை. அம்மா வெளிய நாற்காலி போடச் சொல்லி உக்காந்து பாத்துட்டு, உங்கப்பா வந்துட்டார்னு சொன்னாங்க.

இந்த ஐப்பசி கார்த்திகை மழை முழுசா அடிச்சு ஓஞ்சாச்சு. மேற்குச் சுவத்துல ஒரு இடத்துல லேசா உப்பு பூத்திருக்கு, காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி விட்டேன், அவ்வளவுதான். அம்மா ரூம்ல அந்த பூசணம் பிடிச்ச வாடை இல்ல.

இப்ப உன் வீட்டுக்கு வர்றேன். உங்களது 80கள்ல கட்டுனது, சிமெண்ட் பூச்சு, அதனால சுண்ணாம்புக்கு மாறுன்னு நான் சொல்லலை, உனக்கு எமல்ஷனே சரிதான். ஆனா தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாக்காம அடிக்காத. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் கவரை கீழ ஒரு இடம், மேல ஒரு இடம்னு நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாரு, சுவத்தை ஒட்டின பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா உள்ள இருந்து ஈரம் வருதுன்னு அர்த்தம், அப்ப எந்த கம்பெனி பெயிண்ட்டும் நிக்காது. பழைய பெயிண்ட்டை உள்ளங்கையால தடவிப் பாரு, வெள்ளையா மாவு ஒட்டுனா அதைக் கழுவித் தேய்ச்சு எடுத்துட்டு பிரைமர் போடணும், அந்த மாவு மேல அடிச்சா மாவோடயே கழண்டு வந்துடும். பாசி பிடிச்ச இடத்தை பிளீச்சிங் பவுடர் கரைச்சுக் கழுவி நல்லா காய விடச் சொல்லு. வெடிப்பை பட்டி வச்சு மெழுகி மறைப்பாங்க, விடாத, வெட்டி விரிச்சு அடைக்கச் சொல்லு. புதுசா சிமெண்ட் பூசுற இடம் இருந்தா 28 நாள் கழிச்சுத்தான் பெயிண்ட், அவசரப்பட்டா புது சிமெண்ட்ல இருக்குற காரத்தன்மையே (அல்கலி) பெயிண்ட்டைத் தின்னுடும். நீங்க ஆரம்பிக்கிற மாசி மாசம் நல்ல மாசம் தான், ஆனா மத்தியானத்துக்கு மேல நேர் வெயில் விழும்போது மேற்குச் சுவத்துல அடிக்க விடாத.

இன்னொண்ணு, ஜன்னல் கம்பி, பழைய கதவுல இருக்குற எனாமல் பெயிண்ட்டை உப்புத்தாள் போட்டு காய்ஞ்சபடி தேய்க்க விடாத, ஈயத் தூசி பறக்கும். பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்ல தான், உங்க கதவு அதுக்கு முப்பது வருஷம் முந்தினது. தண்ணி தெளிச்சு ஈரமா வச்சுத் தேய்க்கச் சொல்லு, தேய்க்கிறவங்களுக்கு மாஸ்க் வாங்கிக் குடு, பேரனை அந்த நாள்ல திருச்சியிலயே விட்டுட்டுப் போ.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸை ஒரு வாரம் தள்ளிப் போடு, அந்த ஆள் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். நாளைக்கே யாரையாவது விட்டு பாலிதீன் ஒட்டச் சொல்லிட்டு, கிணத்தடிப் பக்கத்துச் சுவத்தை கீழ இருந்து மேல வரைக்கும் போட்டோ எடுத்து அனுப்பு, கொத்தனார் புதன்கிழமை பக்கத்துத் தெருவுக்கு வேலைக்கு வர்றார், காட்டிக் கேட்டுட்டு உனக்கு ராத்திரி போன் பண்றேன்.

அன்புடன்,
உன் கும்பகோணத்துக்காரி