ஸ்விண்டனிலிருந்து அண்ணிக்கு: மாவு வியாபாரக் கணக்கு

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே இங்கிலாந்தில் எல்லோரும் நலம். ஏப்ரல் வந்தும் குளிர் விடவில்லை. ஹீட்டர் ஓடினாலும் அடுப்படியில் 18, 19 டிகிரிக்கு மேல் ஏறாது. அங்கே பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வெயில் கொளுத்துகிறது என்று அம்மா சொன்னாங்க. இட்லி மாவு அரைத்து விற்கலாமா, அங்கே நீ எப்படிச் செய்கிறாய் என்று கேட்டீங்களே, அதற்கு இந்த இரண்டு ஊர் சூட்டிலும்தான் பாதிப் பதில் இருக்கிறது. போனில் சொன்னால் அளவெல்லாம் மறந்துவிடும். எழுதினால் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

முதலில் இந்த ஊர் நடைமுறை. இங்கே கிரைண்டரை விடக் காகிதம் முன்னால் வரணும். என் கணவரான உங்க தம்பியின் வேலை விசாவில் சொந்தத் தொழில் செய்யக் கூடாது. அவரைச் சார்ந்து வந்த எனக்கு அந்தத் தடை இல்லை, அதனால் எல்லாம் என் பெயரில். விற்பனை தொடங்க 28 நாள் முன்பே கவுன்சிலில் உணவுத் தொழில் என்று பதியணும். பணம் கிடையாது, மறுக்கவும் மாட்டார்கள். பிறகு ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரி, கை கழுவ எங்கே வசதி, எலி பூச்சி வர வழி உண்டா, தினம் எழுதி வைக்கிறோமா என்று பார்த்து 0 முதல் 5 வரை மார்க் போடுவார். அந்த மார்க் இணையத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஃபிரிட்ஜ் 8 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம், 5க்குள் வைக்கச் சொல்வது அறிவுரை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேணும். வரியில், ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரை மொத்த விற்பனை 1,000 பவுண்டுக்குள் இருந்தால் பொதுவாகத் தனியாகப் பதிய வேண்டாம். லாபத்தை அல்ல, விற்பனையைப் பார்க்கிறார்கள் என்பதை இங்கே பலர் கவனிப்பதில்லை.

லேபிள்தான் பெரிய தலைவலி. ஒவ்வாமை தரும் பொருள்கள் 14 என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் பாக்கெட்டில் தடித்த எழுத்தில் தெரியணும். அரிசி, உளுந்து, வெந்தயம் மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை, மாவுக்குச் சிக்கல் இல்லை. கூடவே இட்லிப்பொடி விற்கப் போனால்தான் வம்பு: எள் பட்டியலில் உண்டு, கடுகும் உண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அதுவும் பட்டியலில் உண்டு. பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தை நம்ம ஊரில் யார் படிக்கிறோம்!

கோவை கிரைண்டர் இங்கேயும் ஓடும். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மட்டும் மாற்றணும், இந்த ஊர் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கும். இரவு 11 மணிக்கு மேல் கல் சத்தம் சுவரைத் தாண்டினால் பக்கத்து வீட்டார் கவுன்சிலுக்கு எழுதிவிடுவார்கள்.

18 டிகிரியில் மாவு ஒரு நாள் முழுக்க வைத்தாலும் கல் மாதிரி கிடக்கும். புளிக்க வைக்கும் நுண்ணுயிருக்கு 28 முதல் 32 டிகிரி வேணும். ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிடு என்பார்கள். பழைய குண்டு பல்பில் அது சரி, எல்இடி விளக்கு சூடே தராது. மூடிய ஓவனுக்குள் ஒரு குண்டா வெந்நீரை வைத்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுவதுதான் நம்பகமான வழி. அவசரப்பட்டு ஓவனையே 50 டிகிரியில் போட்டால் அந்தச் சூட்டில் மாவு சரியாகப் புளிக்காது.

வாங்குகிறவர்களில் பாதிப்பேர் மலையாளி நர்ஸுகள். நமக்கு இரண்டு பாஷையும் வருவது இங்கேதான் காசாகிறது. அவர்களுக்கு ஆப்ப மாவும் வேணும். ஷிப்ட் பார்த்து, ஆர்டர் வந்த பிறகே ஊறப்போடுவதால் மிச்சம் விழுவதில்லை.

இனி உங்க பக்கம். 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ தொலி நீக்கிய முழு உளுந்து, 2 ஸ்பூன் வெந்தயம். அரிசி 5 மணி நேரம், உளுந்து ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். உளுந்து அதிக நேரம் ஊறினால் பொங்காது. அதைத் தனியாக, ஊறும்போது குடித்த தண்ணீர் போக ஒன்றரை லிட்டர் வரை ஐஸ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து 25, 30 நிமிஷம் ஓட்டுங்க. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்கணும். முங்கினால் இன்னும் ஓடட்டும். எவ்வளவு ஓட்டியும் முங்கினால் உளுந்து பழசு. அடுத்த முறை பொள்ளாச்சியில் மூட்டையாக எடுக்கும் முன் ஒரு கிலோ வாங்கி அரைத்துப் பாருங்க. அரிசியையும் அரைத்துக் கலந்தால் மொத்தம் பத்தரை கிலோ வரும், கல்லிலும் கரண்டியிலும் ஒட்டுவது போக விற்க 10 கிலோ. உப்பு 100 கிராம்.

சித்திரை வெயிலில் 38 டிகிரி அடிக்கும்போது ஐந்து மணி நேரத்தில் மாவு பொங்கி வழிந்து புளித்துவிடும். ஆகவே புளிக்க வைத்து விற்காதீங்க. அரைத்த கையோடு பாக்கெட் போட்டு ஃபிரிட்ஜில் ஏற்றுங்க, புளிக்க வைப்பது வாங்குகிறவர் பாடு. ஒன்றரை கிலோ பிடிக்கும் கவரில் 1 கிலோதான் ஊற்றணும். உள்ளே காற்று உண்டாகும், இடமில்லாவிட்டால் தையல் பிரிந்து கடைக்காரரின் ஃபிரிட்ஜ் முழுக்க மாவு.

கடைக்காரர் சமாசாரம் ஒன்று. கரண்டு மிச்சம் பண்ண ராத்திரி ஃபிரிட்ஜை அணைக்கிற கடைகள் உண்டு. காலையில் மறுபடி போட்டுவிடுவார், பார்த்தால் தெரியாது. பாக்கெட் உப்பி நிற்கும், பழி மாவுக்காரி தலையில். கொடுக்கும் முன் ஒருநாள் விடிகாலையில் போய் ஃபிரிட்ஜில் கை வைத்துப் பாருங்க.

அரிசி கிலோ 50, உளுந்து 130 என்று வையுங்க. சரக்கு 330 ரூபாய், கவர், உப்பு, கரண்டு 50, ஆக 380. பாக்கெட் 60 ரூபாய், கடைக்கு 10 போனால் உங்களுக்கு 50. பத்தும் விற்றால் 120 மிச்சம். இரண்டு திரும்பி வந்தால் 20தான் மிச்சம், உங்க கைக்கூலி சேர்க்காமலே. அதனால் கடைக்கு நாலு பாக்கெட்டுக்கு மேல் முதல் மாதம் கொடுக்க வேண்டாம். தெருவிலேயே 55க்கு நேராகக் கொடுத்தால் பத்துக்கு 170 நிற்கும். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துப் பெண்களிடம் சொல்லி வையுங்க, முதல் வாடிக்கை அங்கேதான்.

காகிதம் அங்கேயும் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயில் பதிவு எடுத்து அந்த 14 இலக்க எண்ணைக் கவரில் அச்சிடணும். எடை, தயாரித்த தேதி, விலை, முகவரியும் வேணும். ஆங்கிலமோ இந்தியோ கட்டாயம், தமிழும் மலையாளமும் கூடுதலாகப் போடலாம். பஞ்சாயத்தில் லைசென்ஸ் விஷயம் நேரில் கேளுங்க. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு ஆதார், பான் இருந்தால் இலவசம், புரோக்கர் காசு கேட்டால் கொடுக்காதீங்க. பெரிய கிரைண்டருக்குக் கடன் வேணும் என்றால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை உண்டு. ஆனால் ஆறு மாதம் வீட்டுக் கிரைண்டரில் ஓட்டாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அண்ணா வரும்போது ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வரச் சொல்லுங்க. விடிகாலை 5 மணிக்கும் மத்தியானம் 2 மணிக்கும் அடுப்படியில் எத்தனை டிகிரி என்று ஒரு வாரம் குறித்து அனுப்புங்க. எந்த நேரத்தில் அரைப்பது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
உங்க நாத்தனார்