காலாண்டு முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்டப் போட்டிகளில் நம் பிள்ளைகள் கபடியிலும் கோகோவிலும் நன்றாக ஆடினார்கள். பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி இரண்டிலும் பரிசு வந்திருக்கிறது. சுதந்திர தின விழா சிறப்பாக நடந்தது. விடைத்தாள்களைப் பள்ளி திறக்கும் அன்று கொடுப்போம். சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆடி மாதம் நம் மைதானத்தில் நடந்த சாரணர் இரவு முகாமை மறந்திருக்க மாட்டீர்கள். பதினான்கு கூடாரங்கள் அடித்தோம். இரவு ஒன்பது மணிக்குள் ஐந்து படுத்துவிட்டன. சமையல் பக்கம் கட்டியிருந்த தார்ப்பாய் பறந்துபோய் வேப்பமரத்தில் தொங்கியது. காற்றைக் குறை சொல்வதற்கில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது வருஷம் தவறாமல் வருகிறது. அதை நம்பித்தான் நம் ஊரைச் சுற்றிக் காற்றாலைகளே நிற்கின்றன. குறை, கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டத் தரையில் அடிக்கிற முளைக்குச்சியில்தான்.

மறுநாள் காலையில் பிடுங்கிக்கொண்டு வந்தவற்றை என் மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். கூடாரத்தோடு பையில் போட்டுக் கொடுக்கிற மெல்லிய கம்பி முளைகள் ஜிலேபி மாதிரி சுருண்டிருந்தன. பிளாஸ்டிக் முளைகளுக்குத் தலையே இல்லை. அலுமினிய முளைகள் பாதி இறங்கி, கல்லில் முட்டி, முனை மழுங்கி நின்றிருக்கின்றன. அவை மட்டமான பொருள் என்று சொல்லவில்லை. புல்தரைக்கும் தோட்டத்து மண்ணுக்கும் அவை போதும். நம் மைதானத்தில் ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே சுக்காங்கல். மழை பெய்தாலும் மேலே இரண்டு அங்குலம் நனைந்தால் பெரிது.

பள்ளி திறந்து இரண்டாவது சனிக்கிழமை ஏழாம் வகுப்புக்கு இதே முகாம். ஆகவே ஒரு வேண்டுகோள். கடையில் வாங்குவதானால் உருட்டு எஃகு முளையாகப் பார்த்து வாங்குங்கள். எட்டு முதல் பத்து எம்.எம். பருமன், ஓரடி நீளம், கூர்முனை, கயிறு நழுவாத கொக்கித் தலை இருந்தால் சரி. கெட்டித் தரையில் நீளத்தைவிடப் பருமன்தான் பேசும். வாங்க வேண்டாம் என்றால் பத்து எம்.எம். கட்டுமானக் கம்பியை 40 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையைக் குடைப்பிடி போல வளைத்துக்கொள்ளலாம். பத்து முளைக்கு நான்கு மீட்டர், சுமார் இரண்டரைக் கிலோ கம்பி ஆகும்.

ரப்பர் சுத்தியல் இந்தத் தரையில் துள்ளுமே தவிர இறக்காது. ஒரு கிலோ இரும்புச் சுத்தியல் கொடுத்தனுப்புங்கள், அடிப்பதை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய வேண்டும், கயிறு தரையை ஒட்டி மாட்ட வேண்டும். தலை உயரத் துருத்திக்கொண்டு நின்றால் காற்று அதை நெம்புகோலாக்கிப் பிடுங்கிவிடும். நான்கு விரல் ஆழத்தில் கல் தட்டினால் மல்லுக்கு நிற்காமல் பிடுங்கி, சற்றுத் தள்ளி அடிக்கலாம். முதலில் துளை போடுவதானால் முளையைவிட ஒல்லியான கம்பியால் போட வேண்டும். கடப்பாரைக் குழியில் முளையை இறக்கினால் அது பல் விழுந்த வாயில் குச்சி மாதிரி ஆடும். அன்று ஒரு தந்தை இரவு எட்டு மணிக்கு ஒரு வாளித் தண்ணீரை முளையடியிலேயே ஊற்றினார். முளை கையோடு வந்துவிட்டது. ஊற்றுவதானால் முந்தின நாள் மாலை அரை வாளி, அவ்வளவுதான். மைதானத்தையே ஒருமுறை உழுதுவிட்டால் என்ன என்று இன்னொருவர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார். பிள்ளைகள் ஓடுவதும் அதே மைதானத்தில்தான்.

இதுவரை சொன்னது வேண்டுகோள். இனிச் சொல்வது அப்படி அல்ல. முகாம் முடிந்த மறுநாள், வெட்டிய கம்பி முளைகள் பிடுங்கப்படாமல் தரையிலேயே நின்றன. மூன்றாம் நாள் கபடிப் பயிற்சியில் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் உள்ளங்காலில் ஒன்று கிழித்தது. நான்கு தையல், ஒரு டெட்டனஸ் ஊசி. அன்று மாலை உடற்கல்வி ஆசிரியரும் அலுவலக உதவியாளரும் குனிந்த முதுகோடு மைதானம் முழுக்கத் தடவி இன்னும் ஏழு முளைகளைக் கண்டெடுத்தார்கள். இரண்டு, மண்ணோடு மண்ணாக ஓர் அங்குலம்தான் வெளியே தெரிந்தன. இனி ஒவ்வொரு கூடாரத்துக்கும் முளைகளை எண்ணிக் குறித்துக்கொள்வோம். கிளம்பும்போது அந்த எண்ணிக்கை வராத வரை அந்தக் கூடாரத்தார் யாரும் வாசலைத் தாண்ட முடியாது. முளைத் தலையில் சிவப்புத் துணி கட்டாத கூடாரத்துக்கும் அனுமதி இல்லை. இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

கடுமையாக எழுதிவிட்டேனோ தெரியவில்லை. அந்த இரவு, விழுந்த கூடாரத்துப் பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டுபோய்ப் பாய் விரித்துக் கொடுத்ததும் பெற்றோராகிய நீங்கள்தான். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா, தினமும் வெள்ளாடு கட்டுகிறவர், கருவேலக் குச்சியில் சீவிய முளைகளை மடியில் கொண்டுவந்து ஒரே கூடாரத்துக்கு அடித்தார். கல் இல்லாத இடத்தைக் கட்டைவிரலாலேயே அழுத்திப் பார்த்தார். விடியும்வரை அந்தக் கூடாரம் அசையவில்லை. அவருக்கு எங்கள் வணக்கம். கம்பி வாங்கிக் கொடுத்தால் வெட்டி வளைத்துத் தர முன்வந்திருக்கும் பட்டறைக்காரத் தந்தைக்கும் நன்றி. தேவைப்படுவோர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். விடுமுறையைப் பிள்ளைகளோடு நல்லபடியாகக் கழியுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: முகாமில் விட்டுப்போன ஒரு சம்மட்டியும் இரண்டு சுத்தியலும் அலுவலகத்தில் இருக்கின்றன. சம்மட்டியை அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.