ரூத் வரைக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன்.

போன ஞாயிறு போனில் ஒன்று சொன்னாய். "சர்ச், பைபிள் எல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் நிதானமா பார்த்துக்கலாம்மா" என்று. நானும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. உன்மேல் கோபமில்லை. அந்தப் பேச்சை உனக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. நீ பத்தாவது வந்ததும் ஓய்வுநாள் பள்ளியை நிறுத்தி, ஞாயிறு காலை டியூஷனுக்கு அனுப்பியது நான். "பரீட்சை முடியட்டும், கர்த்தர் எங்கே போகப்போகிறார்" என்று உன் அப்பாவிடம் வாதாடியதும் நான். பத்தாவதுக்குப் பிறகு பிளஸ் டூ, அப்புறம் இன்ஜினியரிங், அப்புறம் வேலை. நான் செய்தது தவறு தம்பி. மன்னித்துக்கொள்.

2004 கிறிஸ்துமஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். தரங்கம்பாடியிலிருந்து கூடை தூக்கிவரும் மீன்காரம்மா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வஞ்சிரம் கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம் சில்லறை இல்லை. நாற்பது ரூபாய் பாக்கி. "நாளைக்கு உங்களுக்கு நல்ல நாளாச்சே, ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்மா" என்றார். அந்த ஞாயிறு டிசம்பர் 26. காலையில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. நீ மயிலாடுதுறையில் டியூஷனில் இருந்தாய். நான் கிறிஸ்துமஸ் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தேன். பொறையார் ரோட்டில் ஜனங்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அந்த நாற்பது ரூபாயைப் பிறகு அவர் மகளிடம்தான் கொடுக்க முடிந்தது. அந்தப் பிள்ளை அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டதை இன்றும் மறக்க முடியவில்லை. "நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே" என்ற யாக்கோபின் வசனத்தை அதற்கு முன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. போன மாதம் உனக்கு 36 முடிந்ததல்லவா, அன்று ஸ்தோத்திரம் பண்ணத் தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போயிருந்தேன். அங்கே அடக்கமாகியிருக்கிற ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயருக்கும் சாகும்போது 36 வயதுதான். 1706இல் தரங்கம்பாடியில் கப்பலைவிட்டு இறங்கியபோது இருபது சொச்ச வயசுப் பிள்ளை. சின்னப் பையன்களோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். சிறைக்கும் போனார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1715இல் இங்கேயே அச்சடித்து முடித்தார். பழைய ஏற்பாட்டை ஆதியாகமத்தில் தொடங்கினார். ரூத் புத்தகம் வரைக்கும் வந்தது. 1719 பிப்ரவரியில் போய்விட்டார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷூல்ட்சே ஐயர் முடித்தார். ரிட்டயர் ஆனப்புறம் என்று அவர் நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! வேலை பாதியில் நின்றதே என்று முன்பெல்லாம் வருத்தப்படுவேன். இந்தத் தடவை அங்கே உட்கார்ந்திருந்தபோது அப்படித் தோன்றவில்லை. உயிர்த்தெழுந்தவர் கையில் கொடுத்த நாட்கள் கொஞ்சமாயிருந்தாலும் வீணாய்ப்போவதில்லை என்று மனசுக்கு உறுதியாகத் தெரிந்தது.

இன்னொன்று. வயசானால் பக்தி தானாக வரும் என்று எண்ணாதே. எனக்கு இப்போது 66. புரை ஆபரேஷன் செய்தும் சின்ன எழுத்து தெரிவதில்லை. இரவு மாத்திரை போட்டால் ஜெபத்தின் நடுவிலேயே கண் செருகுகிறது. இன்று என் வாயில் வருவதெல்லாம் பாவாடை கட்டின வயசில் மனப்பாடம் செய்த சங்கீதங்கள்தான். "நீ உன் வாலிபப்பிராயத்திலே உன் சிருஷ்டிகரை நினை" என்று பிரசங்கி ஏன் சொன்னான் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இரவில் பத்து நிமிஷம் போனை எடுத்து வைத்துவிட்டு வேதத்தைத் திற. ஜெபம் வராவிட்டால், வரவில்லை ஆண்டவரே என்றாவது சொல். அப்புறம் அண்ணனோடு பேச்சு நின்று மூன்று வருஷமாகிறது. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று சொன்னவர் இயேசுதான். அந்த நிலத்தில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் நீ அவனுக்குப் போன் பண்ணு. அவன் எடுக்காவிட்டால் மறுபடி பண்ணு.

சபையில் நீ திடப்படுத்தல் எடுத்த அன்று உனக்கு அப்பா வாங்கிக்கொடுத்த வேதாகமம் பீரோவில் இருந்தது. பாப்பாவுக்கு முறுக்கு சுட்டு, அதோடு வைத்து இன்றைக்குக் கூரியரில் போட்டிருக்கிறேன். ரூத்தில் ஒரு நூல் வைத்திருக்கிறேன். நாலே அதிகாரம்தான். பாப்பா படுக்கும்போது வாசித்துக் காட்டு. வியாழக்கிழமைக்குள் வந்துவிடும் என்று கடைப்பையன் சொன்னான். வந்ததும் போன் பண்ணு.

அம்மா