வந்தவாசிப் போருக்கு ஒரு மேசை: புத்தகத் திருவிழாக் குழுவினருக்குத் திறந்த மடல்

திருவண்ணாமலை மாவட்டப் புத்தகத் திருவிழா ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். 1760 ஜனவரி 22 அன்று நம் மாவட்டத்து மண்ணில் நடந்த வந்தவாசிப் போரை, மினியேச்சர் வீரர்களைக் கொண்டு பொதுமக்களே ஆடிப் பார்க்கும் போர் விளையாட்டாக அடுத்த திருவிழாவில் நடத்த, எட்டடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட மேசை ஒன்றுக்கு இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பிற மாவட்டக் குழுக்களும் வரலாற்று ஆசிரியர்களும் படித்துக் கருத்துச் சொல்லட்டும் என்பதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறோம்.

பிரிட்டனும் பிரான்சும் எதிரெதிர் அணியில் நின்ற ஐரோப்பாவின் ஏழாண்டுப் போர் இங்கும் நடந்தபோது, அயர் கூட் தலைமையில் ஏறத்தாழ 1,900 ஐரோப்பியர், 2,100 சிப்பாய்கள், 1,250 உள்நாட்டுக் குதிரைவீரர் கொண்ட ஆங்கிலப் படை, வந்தவாசிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த லாலியின் பிரெஞ்சுப் படையை எதிர்கொண்டது. எங்கள் மேசையில் 15 மி.மீ. உயரமுள்ள ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம். கோட்டையும் குளக்கரையும் தெர்மாகோலில் செதுக்கப்பட்டவை. பிரெஞ்சுப் படையின் லொரேன் படைப்பிரிவுக்கு வெளிர்சாம்பல் சீருடை. லாலியின் சொந்தப் படைப்பிரிவோ பிரெஞ்சு மன்னரிடம் பணிபுரிந்த அயர்லாந்துக்காரர்களுடையது என்பதால் அதற்குச் சிவப்புச் சட்டை. எதிரில் நிற்கும் ஆங்கிலேயரும் சிவப்பே. சிறுவர்கள் தங்கள் ஆட்களையே சுட்டுவிடாமல் இருக்க, பிரெஞ்சுப் பொம்மைகளின் அடித்தட்டு விளிம்பில் நீலக் கோடு தீட்டுகிறோம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது என்பதே எங்கள் கருத்து. அன்றைய போரில் பிரெஞ்சு இடப்பக்கத்துக் குளக்கரை அரணில் நின்ற வெடிமருந்து வண்டியின் மேல் ஆங்கிலக் குண்டு விழுந்து வெடித்ததில், ஏறத்தாழ எண்பது பேர் செத்தும் காயமுற்றும் விழுந்தனர். அங்கே ஏற்பட்ட குலைவைப் பயன்படுத்தி ஆங்கிலேயரின் டிரேப்பர் படைப்பிரிவு முன்னேறியது. எதிர்த்துத் தாக்க வந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். அந்த வெடிப்பை விதியில் கட்டாயமாக்குவதா வேண்டாமா என்று எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. கடைசியில், குளக்கரையை நோக்கிச் சுடும் ஒவ்வொரு முறையும் இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தால் மட்டுமே வண்டி வெடிக்கும் என்று வைத்துக்கொண்டோம். பெரும்பாலான ஆட்டங்களில் அது வெடிக்காது. அப்போது லாலியின் இடத்தில் இருக்கும் மாணவி என்ன செய்கிறாள் என்று நின்று பார்ப்பவர்களும் யோசிக்கத் தொடங்குவார்கள். பெட்டிக்குள் இருக்கும் காட்சி முடிவை முன்னமே சொல்லிவிடுகிறது.

வெள்ளையர் இருவர் அடித்துக்கொண்ட சண்டையை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. அதனால்தான் மூன்றாவது ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்த்துள்ளோம். லாலி கூலிக்கு அமர்த்திய மொராரி ராவின் மராத்தியக் குதிரைப்படை, போர் நடந்தபோது தலையிடாமல் ஒதுங்கியே நின்றது. அந்தப் படையை நடத்துபவருக்கு எங்கள் விதியில் வெற்றி என்பது குதிரைகளைச் சேதமின்றிக் கூட்டிச் செல்வதுதான். மூவரில் விவேகமானவர் அவரே என்று எங்களில் பலர் நினைக்கிறோம். ஆடுபவர்கள் வேறுவிதமாக முடிவு செய்யட்டும். ஓராண்டுக்குள் புதுச்சேரி வீழ்ந்ததையும், 1766இல் பாரிஸில் லாலியின் தலை வெட்டப்பட்டதையும் மேசையருகே ஒரு பலகையில் எழுதிவைப்போம்.

பகடை என்றதும் சூதாட்டம் என்று யாரேனும் புருவத்தை உயர்த்தக்கூடும். பந்தயம், கட்டணம், விற்பனை எதுவும் இல்லை. விதிகள் ஒரு பக்கத் தமிழ்த் தாளில் அடங்கும். அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டம் முடியும். விளையாட்டை நடத்துபவர் ஒருவர் இருக்க, ஆடாமல் பார்வையாளர்களிடம் பேசுவதற்கென்றே இன்னொருவர் மேசைக்கு முன்னால் நிற்பார். அவர் இல்லாவிட்டால், குனிந்து ஆடுபவர்களின் முதுகைத்தான் மக்கள் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மேசையின் நான்கு பக்கமும் ஆள் நிற்க இடம், தலைக்கு மேல் ஒரு நல்ல விளக்கு, முதல் நாள் மாலையே அடுக்கிவைக்க அனுமதி ஆகியவை தேவை. மேடை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பட்டிமன்றத்தோடு போட்டியிடும் குரல்வளம் எங்களிடம் இல்லை. வரலாற்று நூல்கள் விற்கும் கடைகளுக்கு அருகில் கிடைத்தால், ஆடி முடித்தவர்கள் அப்படியே அங்கே நகர வசதியாக இருக்கும்.

குழு கூடும் நாளைத் தெரிவித்தால், மேசையோடு வந்து ஒரு ஆட்டம் நடத்திக் காட்டுகிறோம். யார் யாருக்கு எந்தப் படை வேண்டும் என்பதை மட்டும் உங்களுக்குள் பேசி வைத்திருங்கள்.

இப்படிக்கு,
வந்தவாசி வட்டார மினியேச்சர் போர் விளையாட்டு ஆர்வலர்கள்