மலை ஜீப்புக்கு டர்போ: டீசல் ஸ்குரூவைத் திருகுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், வெளிநாட்டுப் பனிமலைகளில் பனிமேல் சறுக்கி ஓடும் ஸ்னோமொபைலுக்கு, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் கிட் பொருத்துவது பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு, எங்கள் பகுதி மலை ஊர்களான வத்தல்மலைக்கும் சித்தேரிக்கும் அஞ்செட்டிப் பக்கத்துக்கும் ஓடும் பழைய டீசல் ஜீப்புகளுக்கு அதே முறையில், அதே வேலையைச் செய்யும் டர்போ மாட்டலாம் என்று பட்டறைகளில் பேச்சு கிளம்பியிருக்கிறது. மாட்டலாம், தவறில்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் அறிவுரைகளில் பாதி நம் வண்டிக்குப் பொருந்தாது, சில நேர் எதிரானவை.

முதலில் உயரக் கணக்கு. கட்டுரையில் சொன்ன மலைகள் 3,000 மீட்டர் அளவில் இருப்பவை. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். என்ஜின் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்து நிற்கிறது. அதனால் அங்கே கிட் போடுவதில் பாதி வேலை இழந்ததைத் திரும்பப் பெறுவதுதான். தருமபுரி நகரம் 500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் மலை ஊர்கள் 1,000 மீட்டரை ஒட்டியவை. இந்த ஏற்றத்தில் குறையும் காற்று ஐந்தாறு சதவீதம் மட்டுமே. காலை 25 டிகிரியில் ஓடிய வண்டி பிற்பகல் 40 டிகிரி வெயிலில் ஓடும்போதும் அதே ஐந்து சதவீதம் குறைகிறது. வெயிலில் இழுவை போய்விட்டது என்று யாரும் டர்போ தேடிப் போவதில்லை.

ஆகவே மலையில் ஜீப் திணறினால் குற்றவாளி பெரும்பாலும் மலை அல்ல. ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். தூசியை ஆயிலில் பிடிக்கும் ஆயில் பாத் வகையாக இருந்தால் கிண்ணத்தின் அடியில் களிமண் போல் தூசி படிந்திருக்கும். கிரானைட் குவாரிச் சாலையில் ஓடும் வண்டிக்கு இது வாரக் கணக்கில் நடக்கும். அடுத்து டீசல் ஃபில்டர், நாசில் பிரஷர், டீசல் பம்ப் டைமிங், சைலன்சருக்குள் கரி அடைப்பு, கிளட்ச் ஸ்லிப். பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதை நாலு சக்கர டிரம்மையும் ஓட்டியதும் தொட்டுப் பார்த்தாலே தெரியும், ஒன்று மட்டும் சுடும். கடைசியாக, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். சூடான என்ஜினில் அழுத்தம் 25 பாருக்குக் கீழே இருந்தாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ டர்போ பேச்சையே விட்டுவிடுங்கள். தேய்ந்த என்ஜினில் டர்போ போட்டால் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கும் காற்றுதான் கூடும். இவ்வளவும் பார்த்த பிறகு பாதி வண்டிகளுக்கு டர்போ தேவைப்படாது. பட்டறைக்காரர்களுக்கு இது பிடிக்காத செய்தி.

இனி உண்மையிலேயே தேவைப்படுபவர்களுக்கு.

சூப்பர்சார்ஜரை கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் சுழற்றுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே காற்று வரும், ஆனால் சுழற்றும் சக்தியை என்ஜினே கொடுக்க வேண்டும். டர்போ சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூட்டுப் புகையில் சுழல்கிறது. டீசல் ஜீப்புக்கு டர்போதான் சரி, பெல்ட் கிட் எல்லாம் வேண்டாத செலவு.

அளவுதான் அடுத்த தவறு. ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று லாரி டர்போவை எடுத்து மாட்டுகிறார்கள். 2,523 சி.சி. டி.ஐ. (டீசலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும்) என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 2,000 ஆர்.பி.எம்.மில் அது நிமிடத்துக்கு அதிகபட்சம் 2,523 லிட்டர் காற்றை இழுக்கும், நடைமுறையில் 2,100 லிட்டர் சுமார். கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் அதற்கும் குறைவான சுற்றில்தான் ஏறுவோம். ஆறு சிலிண்டர் லாரியின் டர்போ இந்தக் காற்றுக்கு எழுந்து சுற்றவே சுற்றாது. சமதளத்தில் கொஞ்சம் பூஸ்ட் (திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம்) காட்டும், ஏற்றத்தில் பழைய கதைதான். இதே அளவு என்ஜினுக்காக வந்த டர்போவும் அதற்கான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாய்) ஜோடியாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். பழையதை வாங்கும்போது ஷாஃப்டை விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். அந்த ஆட்டம் கையில் உணரும்படி இருந்தால் வேண்டாம். பக்கவாட்டில் சிறு அசைவு இருக்கலாம், ஆயில் ஏறியதும் அது அடங்கும். ஆனால் இறக்கைகள் உள்ள வீல், சுற்றியுள்ள கூட்டில் உரசக் கூடாது. இறக்கையின் நுனி ஒன்று உடைந்திருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

பூஸ்ட் எவ்வளவு வைக்கலாம்? அழுத்திய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் இல்லாமல் 0.5 பார், அதாவது 7 பி.எஸ்.ஐ., போதும். 35 டிகிரி காற்றை அந்த அளவுக்கு அழுத்தினால் அது 90 டிகிரியைத் தாண்டுகிறது. சூடான காற்று விரிந்துவிடுவதால், அழுத்தம் ஐம்பது சதவீதம் கூடினாலும் சிலிண்டருக்குள் கூடுதலாகப் போகும் காற்று கால் பங்குதான். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு இன்டர்கூலர் வைத்து அதை 55 டிகிரிக்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் நாற்பது சதவீதம் கிடைக்கும். பூஸ்ட்டை ஏற்றுவதைவிட காற்றைக் குளிர வைப்பதில் செலவழிப்பது புத்திசாலித்தனம். ஆனால் இன்டர்கூலர் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கும், கோர் பழையதாக இருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

பொருத்துவதில் எல்லாம் கெடுவது ஆயில் லைனில்தான். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் துளையில் டீ போட்டு, நாலைந்து மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஸ்டீல் பைப்பில் டர்போவுக்குக் கொண்டுவர வேண்டும். ரப்பர் ஹோஸ் மேனிஃபோல்டு சூட்டில் வெந்து வெடிக்கும், அதிலிருந்து பீறிடும் ஆயில் சிவந்த மேனிஃபோல்டில் விழுந்தால் வண்டி எரியும். ரிட்டர்ன் பைப்தான் இன்னும் முக்கியம். டர்போவுக்குள் போகும் ஆயில் பிரஷரில் போகிறது. வெளியே வருவது நுரையாக, வெறும் எடையில் இறங்குகிறது. அதனால் ரிட்டர்ன் குறைந்தது 16 மில்லிமீட்டர் உள்விட்டத்தில், எங்கும் மேலே ஏறாமல், சம்ப்பில் (என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இடமில்லை என்று சம்ப்பின் அடியில் துளை போட்டு வெல்ட் செய்தால் ஆயில் தேங்கி, சீல் வழியாக எக்ஸாஸ்டுக்கும் காற்றுப் பக்கத்துக்கும் வழியும். நீலப் புகை வரும். உடனே டர்போ போச்சு என்று வேறொன்று மாட்டுவார்கள், அதுவும் நீலப் புகை விடும். என்ஜின் அடிக்கூட்டின் காற்றை வெளியேற்றும் கிராங்க் கேஸ் பிரீதர் அடைத்திருந்தாலும் இதே நோய்தான். டர்போவை மாற்றும் முன் இந்த இரண்டையும் பார்க்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். ஆயில் ஃபிளாஞ்சுகளில் சிலிகான் பேஸ்ட் தடவவே கூடாது, பிதுங்கும் துணுக்கு ஆயில் துளையை அடைக்கும். கேஸ்கட் மட்டும் போதும். டர்போவின் நடுக்கூட்டைத் திருப்பி, ஆயில் நுழையும் துளை நேர் மேலேயும் வெளியேறும் துளை நேர் கீழேயும் இருக்கும்படி நிறுத்த வேண்டும். பத்துப் பதினைந்து பாகைக்கு மேல் சாயக் கூடாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் நுழைவுத் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி வீலைக் கையால் சுற்றுங்கள். பிறகு ஸ்டாப் லிவரை இழுத்து வைத்தபடி, டீசல் போகாமல், ரிட்டர்னில் ஆயில் வரும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் கொடுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங். வறண்ட பேரிங்கில் ஒரு ரேஸ் கொடுத்தாலே டர்போவின் ஆயுள் முடிந்தது.

இப்போது டியூனிங். இங்கேதான் ஸ்னோமொபைல் கட்டுரை நம்மவர்களைத் தவறான வழியில் இழுக்கும். அது பெட்ரோல் என்ஜின். பூஸ்ட்டில் பெட்ரோல் குறைந்தால் கலவை சூடாகி, தட்டல் எடுத்து, பிஸ்டன் உருகும். அதனால் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் விடு என்று அங்கே சொல்வது சரி. டீசல் என்ஜினில் எரிபொருளை ஒப்பிடக் காற்று கூடுவதால் கலவைக்குக் கெடுதல் இல்லை, என்ஜின் குளிர்ந்தே ஓடும். கூடுதல் டீசல்தான் சூடு. பாதுகாப்புக்கு என்று டீசலைக் கூட்டினால் பிஸ்டனைத்தான் கொல்கிறீர்கள். டர்போ மாட்டி டீசல் பம்ப்பைத் தொடாமல் ஓட்டினால் சக்தி கொஞ்சம்தான் கூடும், ஆனால் கரும்புகை நிற்கும், ஏற்றத்தில் சூடு குறையும். பலருக்கு இதுவே போதும்.

இழுவையும் வேண்டும் என்றால் இரண்டு மீட்டர்கள் இல்லாமல் பம்ப்பைத் தொடாதீர்கள். ஒன்று பூஸ்ட் கேஜ். மற்றது எக்ஸாஸ்ட் சூடு காட்டும் மீட்டர், அதன் கே டைப் தெர்மோகப்பிள் (சூட்டை உணரும் கம்பி) டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டிலேயே இருக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் நூறு டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டி ஏமாற்றும். முழு லோடில், நீண்ட ஏற்றத்தில், 700 டிகிரியைத் தாண்டக் கூடாது. 650ல் நிறுத்துவது நிம்மதி. ரோட்டரி பம்ப்பாக இருந்தால் ஃபுல் லோட் ஸ்குரூவை (அதிகபட்ச டீசல் அளவைக் கூட்டும் திருகு) ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று மட்டும் திருகி, அதே ஏற்றத்தில், அதே பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். இந்த ஸ்குரூ ஐட்லிங்கையும் சேர்த்து உயர்த்தும், ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பக் குறைக்க வேண்டும். பூஸ்ட் ஏறும் முன்பே கரும்புகை கொட்டினால், பம்ப்பில் பூஸ்ட்டைப் பார்த்து டீசலைக் கூட்டும் டயஃப்ரம் இல்லை என்று அர்த்தம். அது உள்ள பம்ப்பை வாங்கி டெஸ்ட் பெஞ்சில் கலிபரேஷன் செய்வதுதான் முறை. இன்லைன் பம்ப் என்றால் ரோட்டில் வைத்துத் திருகவே வேண்டாம், நேரே பம்ப் கடைக்குப் போங்கள். கரும்புகை விட்டால்தான் பவர் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அந்தப் புகை முழுதாக எரியாத டீசல். எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் பழைய டீசல் வண்டிகளுக்கான 65 எச்.எஸ்.யூ. (புகை அடர்த்தியின் அலகு) வரம்பையும் அது தாண்டும்.

டர்போ என்ஜினாகவே கம்பெனியில் பிறந்ததில் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட் பெரும்பாலும் இருக்கும். டர்போ இல்லாமல் பிறந்த பழைய என்ஜினில் அது இல்லாமல் இருக்கலாம். 0.5 பாரில் நிற்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பூஸ்ட்டை ஒரு பாருக்கு ஏற்றினால் முதலில் ஹெட் கேஸ்கட் போகும், அடுத்தது பிஸ்டன். கால் பங்கு டார்க் கூடும்போது பழைய கிளட்ச் பிளேட் வழுக்க ஆரம்பிக்கும், அதற்கும் பணம் எடுத்து வையுங்கள். ஆயில் 15டபிள்யூ-40, டர்போ டீசலுக்கான தரத்தில். மாற்றும் தூரத்தைப் பாதியாக்குங்கள். மலை ஏறி முடித்ததும் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். உடனே நிறுத்தினால் சிவந்த டர்போவில் நிற்கும் ஆயில் கரியாகி பேரிங்கை அடைக்கும். ஏறியவுடன் ஆட்களை இறக்க அவசரமாக என்ஜினை நிறுத்தும் பழக்கம் நம் வழித்தடங்களில் அதிகம்.

ஓட்டுநர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு ஆபத்து உண்டு. டர்போ சீல் முற்றிலும் போனால் என்ஜின் அந்த ஆயிலையே குடித்துத் தானாக ரேஸ் எடுக்கும். சாவியைத் திருப்பினாலும், ஸ்டாப் லிவரை இழுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அது ஓடுவது டீசலில் அல்ல. டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்சை விட்டுவிடுங்கள், திணறி நிற்கும். முடியாவிட்டால் காற்று இழுக்கும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையை வைக்கக் கூடாது, துணியையும் உள்ளே இழுத்துவிடும்.

இறக்கத்தில் டர்போ எந்த உதவியும் செய்யாது. எளிதாக ஏறுகிறது என்று இன்னும் நாலு மூட்டை தக்காளியோ புளியோ கூட ஏற்றினால், அதே பழைய டிரம் பிரேக்குதான் அந்தப் பாரத்தையும் கீழே கொண்டுவர வேண்டும். தொப்பூர் கணவாயில் பிரேக் சூடேறிப் போன லாரிகளை நாம் பார்க்காதவர்கள் இல்லை.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே வரலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைத்தான் முதலில் கேட்கும். எந்தெந்த மாற்றத்துக்கு எழுத்தில் அனுமதி தருவார்கள், அதற்கு என்ன விண்ணப்பம் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் கேட்டு, தங்கள் வாகனப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறோம். ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் வைத்திருப்பவர்கள் அது வரும்வரை டர்போவில் கை வைக்காமல், ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
டீசல் என்ஜின், பம்ப் வேலை செய்வோர்,
தருமபுரி.