ஸ்பிதி போகும் சைக்கிளுக்கு எந்தச் சக்கரம்?

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். விருந்தை மறந்துவிடாதே. இனி சைக்கிள் விஷயம்.

இமாச்சல மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்குச் சைக்கிளில் போக எந்த டயர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். டயரை அப்புறம் பார்ப்போம், முதலில் ஸ்கேலை எடுத்து, ஃப்ரேமில் எவ்வளவு அகல டயர் நுழையும் என்று அள. மணாலி வழியாகப் போனால், கிராம்பூ தாண்டிப் பாத்தல் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கல்லும் ஓடைத் தண்ணீரும்தான். உன்னுடைய 32 மி.மீ. டயரில் ரிம் கல்லில் இடிக்காமல் இருக்கக் காற்றை இறுக்கி வைத்தாக வேண்டும். இறுக்கினால் ஒவ்வொரு இடியும் ஸ்போக்ஸுக்கும் உன் மணிக்கட்டுக்கும் நேராகப் போகும். அகலமான டயரில் குறைந்த காற்று, அதுதான் அங்கே வேலைக்கு ஆகும்.

இப்போதுள்ள 700சி ரிம்மையே (விட்டம் 622 மி.மீ.) வைத்துக்கொள்வதானால் 42 மி.மீ. டயர் போடலாம். அச்சின் நடுவிலிருந்து 332 மி.மீ. தள்ளி, செயின் ஸ்டே (பின் சக்கரத்தின் இரு பக்கமும் அச்சுக்குப் போகும் கீழ்க்குழாய்) இரண்டுக்கும் நடுவே குறைந்தது 54 மி.மீ. இடைவெளி வேண்டும். டயருக்கு 42, சேறு ஒட்டவும் சக்கரம் லேசாகக் கோட்டமானால் உரசாமலிருக்கவும் பக்கத்துக்கு 6. முன் ஃபோர்க்கிலும் இதே கணக்கு. மட்கார்டைக் கழற்றிவிட்டே போ. சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

உன் வண்டியில் டிஸ்க் பிரேக் இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு, என் ஓட்டு அதற்குத்தான்: 27.5 அங்குல சக்கரம், அதில் 50 மி.மீ. டயர். டயர் ஓரத்தில் 50-584 என்று போட்டிருக்கும்: அகலம் 50, ரிம் விட்டம் 584 மி.மீ. அதன் மொத்த விட்டம் 684 மி.மீ., உன் பழைய 32-622க்கு 686. பெடல் தரைப் பக்கம் ஒரே ஒரு மி.மீ. இறங்கும், ஓட்டத்தில் தெரியவே தெரியாது. இதற்கு அச்சிலிருந்து 317 மி.மீ. தூரத்தில் 62 மி.மீ. இடைவெளி தேவை. (ரிம் பிரேக் வண்டியில் இந்த வித்தை பலிக்காது, பிரேக் கட்டைக்கு ரிம் 19 மி.மீ. எட்டாமல் போய்விடும்.) ரிம்மின் உள் அகலம் 21 முதல் 25 மி.மீ. இருக்கட்டும். ஒடுக்கமான ரிம்மில் காற்றைக் குறைத்தால் வளைவில் டயர் பக்கவாட்டில் மடியும்.

பின் சக்கரத்தில்தான் காசை இறக்க வேண்டும். சுமை பெரும்பாலும் அதன் மேல்தான். 36 ஸ்போக்ஸ், நுனிகள் 2 மி.மீ., நடு 1.8 மி.மீ. உள்ள வகை, பித்தளை நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடித்து இறுக்கும் சின்னத் திருகு). அலுமினிய நிப்பிள் இறுகிக்கொண்டால் முனை மழுங்கிச் சாவி வழுக்கும். பல்சக்கரம் இருக்கும் வலப்பக்க ஸ்போக்ஸுக்கு 110–120 கிலோ இழுவை வை. இடப்பக்கம் தானாகவே குறைவாகத்தான் நிற்கும். அந்தப் பக்கம் தொய்ந்திருந்தால் ஒவ்வொரு குழியிலும் ஸ்போக் தளர்ந்து இறுகி, ஹப்பை ஒட்டிய வளைவில் உடையும். கோட்டம் எடுப்பவரிடம் சக்கரம் நேராகச் சுற்றுகிறதா என்பதோடு நிறுத்தாமல் மீட்டர் வைத்து இழுவையைப் பார்க்கச் சொல். ஒவ்வொரு நீளத்திலும் மூன்று ஸ்போக் வாங்கி செயின் ஸ்டேயில் டேப் சுற்றி வை. வலப்பக்கம் உடைந்தால் பல்சக்கரத்தைக் கழற்றாமல் மாட்ட முடியாது, அதற்கான சாவியும் பையில் இருக்கட்டும்.

டயரின் மேல் பெரிய பெரிய ரப்பர்க் கட்டை வேண்டாம். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கட்டையாகவும் இருப்பது போதும். ஓரச்சுவர் மட்டும் தடியாக இருக்க வேண்டும், அங்கே கல் கிழிப்பது அதைத்தான். ஆளும் வண்டியும் சுமையும் சேர்ந்து 100 கிலோ என்றால் காற்றழுத்தம் முன்னால் 27, பின்னால் 34 பி.எஸ்.ஐ.யில் தொடங்கு. பஞ்சரில் அருகருகே இரண்டு வெட்டு இருந்தால் ரிம் இடித்திருக்கிறது, 3 கூட்டு. மணாலியில் அடித்த காற்று குன்சும் கணவாயின் 4,551 மீட்டரில் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால். குளிர் அதைச் சரிக்கட்டிவிடும், ஆகவே மேலே போய்க் காற்றைத் திறந்துவிடாதே.

டியூப்லெஸ் போட்டால் சக்கரத்துக்கு 90 மி.லி. ஓட்டை அடைக்கும் பால் ஊற்று. ஆனாலும் டியூப் இரண்டு எடுத்துப்போ. 26 அங்குல டியூபும் இதில் விரிந்து உட்காரும். சின்ன ஊர்க் கடைகளில் தொங்கும் 28 × 1½ டயரை நம்பாதே, அதன் ரிம் விட்டம் 635, உன் பழைய 622 ரிம்மிலும் நிற்காது. மடக்கு டயர் ஒன்றும், ஓரம் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரில் ஒரு சாண் துண்டும் போதும்.

அச்சிலிருந்து 317 மி.மீ.இல் எவ்வளவு இடைவெளி வந்தது என்று உடனே எழுது. 62க்குக் கீழே வந்தால் 47-584 பார்க்கலாம், ரிம்முக்கு முன்பணம் அதற்கு அப்புறம் கொடு.

அன்புடன்,
சேகர்